டேப்பில் வைஃபை அடிக்கடி கட் ஆகிறதா? பெற்றோர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட்டில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். 2020, 2021இல் பள்ளிகள் மூடிக் கிடந்து பாடமெல்லாம் வீட்டுக்குள் வந்தபோது, பிள்ளைகளின் பைக்குள் புத்தகத்தோடு டேப்பும் (டேப்லெட்) சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து பெற்றோர் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான்: "டீச்சர், டேப்ல லைன் நிக்கவே மாட்டேங்குது. புதுசு வாங்கிடலாமா?"

கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் டேப் நன்றாகத்தான் இருந்தது, கோளாறு வேறு எங்கோ இருந்தது. அது எங்கே என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம், இரண்டு மூன்று நாள் கவனித்தால் போதும். மாதச் சம்பளத்தில் பிடித்தம் போட்டு டேப் வாங்கிய குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

லைன் கட் ஆகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று இடங்களில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும்: டேப், வீட்டில் வைஃபையைப் பரப்பும் ரவுட்டர், வெளியிலிருந்து வரும் லைன். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எதைத் தொட்டாலும் வீண்.

கட் ஆன அந்த நிமிடத்தில், டேப் இருக்கும் அதே இடத்தில் ஒரு கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை நிறுத்த மறந்துவிட்டு, "போன்ல நல்லா வருதே" என்று சொன்னவர்கள் பலர். போனில் வந்து டேப்பில் வரவில்லை என்றால் டேப்பைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் வரவில்லை என்றால் டேப்பை விட்டுவிடுங்கள், அது குற்றமற்றது.

அடுத்து, திரையின் மேல் மூலையில் இருக்கும் விசிறி போன்ற வைஃபை குறியைப் பாருங்கள். குறியே மறைந்துவிட்டதா, அல்லது குறி இருந்தும் பக்கத்தில் ஆச்சரியக்குறி நிற்கிறதா? மறைந்துவிட்டால் டேப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் தொடர்பு அறுந்திருக்கிறது. குறி இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால், பிரௌசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டிப் பாருங்கள். உங்கள் ரவுட்டரின் சரியான எண் அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கம் மட்டும் திறந்து, மற்ற எதுவும் திறக்கவில்லை என்றால், வீட்டுக்குள் வைஃபை நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கு அப்பால்.

இன்னொன்று. ஒரு பழைய நோட்டில் மூன்று நாளுக்கு எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குக் கட் ஆனது, எந்த அறையில், அப்போது வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது. இந்த மூன்று வரிகள் எனக்குக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது. அது போதாதா?

அந்த நேரத்துக்குப் போதும். ஆனால் தினமும் அப்படிச் செய்ய வேண்டியிருந்தால் அது வைத்தியம் ஆகாது, நோயின் அறிகுறி. பெரும்பாலும் காரணம் சூடு. டிவி டிகோடரின் தலைமேல், கண்ணாடி அலமாரிக்குள், துணி விரித்த மேசையில் என்று ரவுட்டரை வைத்திருப்பார்கள். நம் ஊர் வெக்கையில் மூடிய அலமாரிக்குள் அது எப்படி மூச்சு விடும்? கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். கையை வைத்திருக்கவே முடியவில்லை என்றால் உடனே வெளியே எடுத்து வையுங்கள்.

அணைத்துப் போடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. ரவுட்டரையும், வெளி லைன் வந்து சேரும் ஃபைபர் பெட்டியையும் பிளக்கிலிருந்து கழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். முதலில் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலையாக எரியத் தொடங்கியதும் ரவுட்டரைப் போடுங்கள். கடைசியாக டேப்.

ஊசி போட்டு அழுத்தும் ரீசெட் துளையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். யூனிஃபை போன்ற இணையச் சேவை லைன்களில் ரவுட்டர் தன் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துத்தான் நிறுவனத்தோடு சேர்கிறது. ரீசெட் செய்தால் அது அழிந்துபோகும். என் மாணவி ஒருத்தியின் அப்பா, ஆன்லைன் தேர்வுக்கு முந்தைய இரவு நல்லெண்ணத்தில் அந்தத் துளையை அழுத்திவிட்டார். இரவு பத்தரை மணிக்கு அவர் குரலில் இருந்த பதற்றம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் அந்தப் பிள்ளை என் வீட்டில் வந்துதான் தேர்வு எழுதினாள்.

ஹாலில் நன்றாக வருகிறது, அறைக்குப் போனால் கட் ஆகிறது. ஏன்?

இது நான் அதிகம் பார்த்த கோளாறு. நம் பிளாட்டுகளிலும் கொண்டோக்களிலும் தூணும் உத்தரமும் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட். சுவரும் கெட்டி. ஒரு சுவரைத் தாண்டும்போதே சிக்னல் இளைத்துவிடும். இரண்டாவது சுவருக்குப் பின்னால் டேப் ஒவ்வொரு முறையும் தொங்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

சுவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு. மகன் இடைநிலைப் பள்ளியில் படிவம் 4 படிக்கிறான், அறையில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை லைன் போகிறது. அப்பா புது டேப்புக்கு விலை விசாரித்து வைத்துவிட்டார். நான் போனபோது ரவுட்டரைக் காணவில்லை. "எங்கே அண்ணா?" என்று கேட்டேன். ஹாலின் மூலையில், ஐந்தடி நீள அரோவானா மீன் தொட்டிக்குப் பின்னால், தரையில் இருந்தது. மகனின் அறை தொட்டிக்கு நேர் அந்தப் பக்கம். தண்ணீர் வைஃபை அலையை நன்றாக உறிஞ்சும். சிக்னல் அறைக்குள் போக வேண்டுமானால் முதலில் மீனின் வீட்டைக் கடந்தாக வேண்டும். நீளமான ஒரு கேபிள் வாங்கி, ரவுட்டரை அறை வாசலுக்கு மேலே இருந்த பரணில் ஏற்றினோம். மீனும் இடம் மாறவில்லை, டேப்பும் மாறவில்லை. அந்தப் பையன் அதே டேப்பில்தான் இன்னும் படிக்கிறான்.

அதே மாதிரிதான் ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி. கண்ணாடியின் பின்பக்கம் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது, அது சிக்னலைத் திருப்பி அடித்துவிடும். குளிர்பெட்டி, இரும்பு அலமாரி எல்லாம் இதே வகை. ரவுட்டர் உயரத்தில், திறந்த இடத்தில், முடிந்தால் வீட்டின் நடுவில் இருக்கட்டும். பிள்ளை படிக்கும் மேசைக்கும் ரவுட்டருக்கும் நடுவே மனத்துக்குள் ஒரு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டில் என்னென்ன நிற்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டு வைஃபை இரண்டு பெயரில் வருகிறது, ஒன்றில் 5ஜி என்று இருக்கிறது. எதில் சேர்வது?

அந்த 5ஜி கைப்பேசியின் 5ஜி கிடையாது. 5 கிகாஹெர்ட்ஸ் என்பதைத்தான் அப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். மற்றொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, தூரம் போகும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே படித்தால் 5. இரண்டு சுவர் தள்ளி என்றால் 2.4. மலிவு விலை டேப்கள் சிலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதியே இருக்காது. அந்தப் பெயர் பட்டியலில் தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

இப்போதைய ரவுட்டர்கள் பல இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன, டேப்பை அங்கும் இங்கும் மாற்றிவிடுகின்றன. புது டேப் இந்த மாற்றத்தைச் சமாளித்துக்கொள்ளும். பழைய டேப் நடுவில் விழுந்துவிடும். வகுப்பின் நடுவே இரண்டு மூன்று விநாடி நின்று மறுபடி வருகிறது என்றால் எனக்கு முதலில் இதன்மேல்தான் சந்தேகம். மேலே சொன்ன எண்ணைத் தட்டி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, டேப்பை ஒன்றில் மட்டும் சேர்த்து, மற்றதை டேப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல்தான் மோசமாகிறது. பகலில் பிரச்சினையே இல்லை.

நேரத்தைச் சொன்னால் பாதி விடை வந்துவிடும் என்று மேலே சொன்னது இதற்குத்தான். எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் எல்லாரும் திரும்பியிருப்பார்கள். ஒரு பிளாட்டில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது முப்பது பெயர் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலை போகும் பாதைகள், மூன்றுதான்: 1, 6, 11. முப்பது வீட்டுக்காரரும் மூன்று பாதையில் போக வேண்டும். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டால் எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று படமாகக் காட்டும். ரவுட்டரில் அந்தச் சேனலைத் தேர்ந்தெடுத்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 40 என்று வைத்தால் பக்கத்து வீட்டுப் பாதையிலும் கால் வைக்கிறீர்கள், உங்களுக்கும் தொல்லை, அவர்களுக்கும் தொல்லை. முடிந்தால் டேப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதே நல்லது, அங்கே இடம் தாராளம்.

மைக்ரோவேவ் அடுப்பும் 2.4க்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. சாப்பாடு சூடாக்கும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் லைன் தடுமாறுகிறது என்றால் அதுதான். புளூடூத் ஹெட்செட்டும் இதே அலைவரிசைதான். ஹெட்செட் போட்டால் மட்டும் குரல் வெட்டி வெட்டி வருகிறது என்றால் ஒரு நாள் வயர் உள்ள ஹெட்செட்டை மாட்டிப் பாருங்கள்.

சரி, தினமும் சரியாக ஒன்பது மணிக்கு, ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் கட் ஆகிறதா? அது சிக்னல் கோளாறே இல்லை. யாரோ ரவுட்டரிலோ டேப்பிலோ நேரக் கட்டுப்பாடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் அப்பா போட்டுவிட்டு மறந்திருந்தார், அம்மா மூன்று வாரம் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

5 கிகாஹெர்ட்ஸ் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காணாமல் போய், ஓரிரு நிமிடம் கழித்து வருகிறது. இது என்ன?

5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை, 52 முதல் 144 வரை உள்ளவற்றை, ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் சத்தம் கேட்டதாக ரவுட்டருக்குத் தோன்றினால் அது உடனே அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. அந்த வகைச் சேனல் ஒன்றில் மறுபடி உட்காரும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காதைத் தீட்டிக் கேட்கவும் வேண்டும். அந்த நேரம்தான் உங்களுக்கு லைன் இல்லை. ரவுட்டரில் 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

திரை அணைந்து மறுபடி போட்டால் வைஃபை துண்டித்துக் கிடக்கிறது.

இது டேப்பின் பேட்டரி சேமிப்பு. பேட்டரி செட்டிங்ஸில் பவர் சேவிங் ஆன் ஆகியிருந்தால் நிறுத்துங்கள். வகுப்பு நடத்தும் ஆப்பை, தூங்க வைக்கப்படும் ஆப்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய ஆண்ட்ராய்டு டேப்களில் வைஃபையின் உள் அமைப்பில் "தூங்கும்போதும் வைஃபை ஆனில் இருக்கட்டும்" என்று ஒரு வசதி இருக்கும். அதை "எப்போதும்" என்று வையுங்கள்.

சிம் போடும் டேப் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வைஃபை கொஞ்சம் மெலிந்தாலும் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி ஐபேட், சாம்சங் இரண்டிலும் உண்டு. லைன் போய்ப் போய் வருவது போலத் தெரியும், மாத டேட்டாவும் சத்தமில்லாமல் தீர்ந்துபோகும்.

பாஸ்வேர்ட் சரிதான். ஆனாலும் சேர்வதும் விடுவதுமாக இருக்கிறது.

முதலில் எளிய வழி: அந்த வைஃபை பெயரை டேப்பிலிருந்து நீக்கிவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாகத் தட்டிச் சேருங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

போதாவிட்டால், ரவுட்டரின் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். புது ரவுட்டர் வந்த நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை என்றால் அநேகமாக அது டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையில் இருக்கும். பழைய டேப்புக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறைக்கு மாற்றுங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் டபிள்யூபிஏ2 மட்டும். பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, கொஞ்சம் நுணுக்கமானது. ஒவ்வொரு டேப்புக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாள எண் உண்டு. ஆண்ட்ராய்டு 10இலிருந்தும், 2020இல் வந்த ஐபேட்ஓஎஸ் 14இலிருந்தும், டேப் தன் உண்மையான எண்ணை மறைத்து வேறோர் எண்ணைக் காட்டுகிறது. வெளியிடங்களில் நம்மை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவு செய்த கருவிகளை மட்டும் உள்ளே விடும் ரவுட்டரோ கொண்டோ வைஃபையோ இருந்தால், எண் மாறியவுடன் டேப் அந்நியனாகிவிடும். உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த மறைப்பை நிறுத்திவிடலாம். வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போனால் இருக்கும். ஐபேடில் "சுழலும்" என்ற வகையில் இருந்தால் "நிலையானது" என்று மாற்றினாலே போதும்.

வைஃபை முழுதாகக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை.

வைஃபை விவரத்தில் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் டேப்பை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் டேப்புக்கு முகவரி கொடுக்கவில்லை, டேப் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். யாராவது டேப்பில் முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தால் தானியங்கிக்கு மாற்றுங்கள். ஒரே முகவரியை இரண்டு கருவிகள் வைத்திருந்தாலும் இரண்டும் மாறி மாறிக் கட் ஆகும்.

அப்புறம் பிள்ளைகள் விளையாட்டுக்காகப் போட்டு வைக்கும் இலவச விபிஎன் ஆப்கள், அதாவது இணைப்பை வேறொரு கணினி வழியாகச் சுற்றிவிடும் ஆப்கள். திரையின் மேலே சாவி மாதிரி ஒரு குறி இருக்கிறதா என்று பாருங்கள். திட்டாமல் கேளுங்கள், திட்டினால் சொல்ல மாட்டார்கள். அதை நீக்கிய நிமிடத்தில் சரியான டேப்கள் மட்டுமே ஐந்தாறு பார்த்திருக்கிறேன். விளம்பரத்தைத் தடுக்கிறேன் என்று பிரைவேட் டிஎன்எஸ்ஸில் (தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதையும் தானியங்கிக்கு மாற்றுங்கள்.

பேட்டரி முழுதாக இறங்கி நாள் கணக்கில் கிடந்த டேப்பில் தேதி தவறாக இருக்கும். தேதி பல வருடம் பின்னால் இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது. மிகப் பழைய டேப்களில், ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தையவற்றில், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பட்டியலே காலாவதியாகி இருக்கிறது. சில தளங்கள் திறக்கும், சில திறக்காது. வைஃபையை எவ்வளவு நோண்டினாலும் இது மாறாது.

இடி மின்னலுக்குப் பிறகுதான் இப்படி ஆனது. தொடர்பு இருக்குமா?

இருக்கும். ஃபைபர் கேபிளின் உள்ளே இருப்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. ஆனால் ரவுட்டர் மின்சாரப் பிளக்கில் இருக்கிறதே, அடி அந்த வழியில் வரும். முழுதாகச் செத்தால் தெரிந்துவிடும். அரைகுறையாக அடி வாங்கிய அடாப்டர்தான் கஷ்டம்: விளக்கு எரியும், ஆனால் வேலை கூடும்போது ரவுட்டர் தானாக அணைந்து எழும். அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பருவம் மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் வாக்கிலும் மாலையில் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றி வைப்பது என் வழக்கம்.

மாமாக் சாப்பாட்டுக் கடையில், நூலகத்தில் வைஃபையில் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் துண்டித்துவிடுகிறது.

அங்கே பெரும்பாலும் ஒரு நுழைவுப் பக்கம் வரும், நேர அளவும் இருக்கும். நேரம் முடிந்ததும் வெளியே தள்ளிவிடும். அது டேப்பின் கோளாறு ஆகாது. வைஃபையை அணைத்துப் போட்டால் அந்தப் பக்கம் மறுபடி வரும். அங்கே இருக்கும்போது வங்கி வேலை மட்டும் வேண்டாம்.

கடையில் 'ரீசெட் அடிச்சா சரியாயிடும்' என்கிறார்கள். செய்யலாமா?

இரண்டு வகை ரீசெட் இருக்கிறது, தெரிந்துகொண்டு செய்யுங்கள். நெட்வொர்க் ரீசெட் என்பது சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், புளூடூத் இணைப்புகள் போன்ற இணைப்பு அமைப்புகளை மட்டும் அழிக்கும்; படம், பாடம், ஆப் எதுவும் போகாது. ஐபேடில் ஜெனரல் என்பதன் கடைசியிலும், சாம்சங்கில் ஜெனரல் மேனேஜ்மென்ட்டின் உள்ளேயும் இருக்கும். இதைத் தயங்காமல் செய்யலாம்.

ஃபேக்டரி ரீசெட் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பிள்ளையின் குறிப்புகள், படங்கள், எல்லாம். அதை யாராவது உங்கள் கண்முன்னே அவசரமாகச் செய்ய வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். முதலில் சேமிப்பு, பிறகுதான் அது.

எக்ஸ்டெண்டர் (சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் பெட்டி) வாங்கி மாட்டலாமா?

ரவுட்டரை இடம் மாற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மலிவு எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பலரும் அதை சிக்னல் வராத அறைக்குள்ளேயே மாட்டுகிறார்கள். அதற்கே சிக்னல் கிடைக்காத இடத்தில் அது எதைக் கொடுக்கும்? பாதி வழியில் மாட்ட வேண்டும். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இரண்டு மாடி வீடு என்றால், பல பெட்டிகள் ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் மெஷ் நல்லது. கேபிள் இழுத்து அறையில் இரண்டாவது ரவுட்டர் வைக்க முடிந்தால் அதைவிட உறுதியானது எதுவும் இல்லை.

ஏபி செட் டேப் வாங்கினோம். அதனால் இருக்குமா?

இருக்கலாம். ஏபி செட் என்பது வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்து இங்கே இறக்குமதியாவது. அப்படிப்பட்ட டேப்கள் சிலவற்றுக்கு, குறிப்பாக அமெரிக்கச் செட்டுகளுக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸின் 12, 13ஆம் சேனல்கள் தெரியாது. ரவுட்டர் தானாக அந்தச் சேனலுக்குப் போகும்போது டேப்பில் வைஃபை பெயரே மறைந்துவிடும். ரவுட்டரை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்திவிட்டால் தீர்ந்தது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கோ இங்கே கொம்தார் பக்கமோ அடுத்த முறை வாங்கப் போனால், சிரிம் முத்திரை (மலேசியச் சான்று முத்திரை) இருக்கிறதா, உத்தரவாதம் மலேசியாவுக்குள் செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள்.

வெளி லைன்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. பிறகு?

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளியே வந்து சேரவில்லை. கேபிள் மடங்கியிருக்கிறதா, அலமாரிக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், கழற்றித் துடைக்க வேண்டாம். இணைய நிறுவனத்தை அழைத்து, புகார் எண்ணை வாங்கி அந்த நோட்டிலேயே எழுதுங்கள். "அடிக்கடி போகுது" என்று சொல்வதைவிட, "செவ்வாய் இரவு 8.10, புதன் 8.25, இரண்டு முறையும் சிவப்பு விளக்கு" என்று சொன்னால் பேச்சே மாறிவிடும். என் வீட்டுக்கு வந்த நிறுவன ஆள் முதல் முறை "உங்கள் டேப் பழசு" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் முறை நோட்டைக் காட்டினேன். மாடிப்படியில் இருந்த பெட்டியைத் திறந்து இணைப்பை மாற்றிக் கொடுத்தார்.

அவர்கள் கவனிக்கவே இல்லை என்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். நிறுவனம் கொடுத்த புகார் எண் கையில் இருக்கட்டும்.

அப்படியானால் எப்போதுதான் டேப்பை மாற்றுவது?

வேறொரு வீட்டு வைஃபையிலும், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலும், ரவுட்டருக்கு ஒரு மீட்டர் பக்கத்திலும், உறையைக் கழற்றிய பிறகும், நெட்வொர்க் ரீசெட்டுக்குப் பிறகும் கட் ஆகிறது என்றால் அநேகமாக உள்ளே ஆன்டெனா பழுது. கீழே விழுந்த டேப்பில் அந்த மெல்லிய வயர் கழன்றிருப்பதும் உண்டு. நல்ல கடையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், மாட்டினால் சரியாகிவிடும். பழைய ஆண்ட்ராய்டு, தளங்களே திறக்கவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும்.

நாளைக்கே ஆன்லைன் தேர்வு. இதையெல்லாம் சரிபார்க்க நேரம் இல்லை.

டேப்பை ரவுட்டர் இருக்கும் அறைக்குக் கொண்டுவாருங்கள். மற்றவர்களின் டிவியையும் பதிவிறக்கத்தையும் அந்த ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். டேப் யூஎஸ்பி-சி வகை என்றால் ஈதர்நெட் அடாப்டர் ஒன்றைக் கடன் வாங்கி, ரவுட்டரிலிருந்து நேராகக் கேபிள் போடலாம்; பெரும்பாலான டேப்கள் ஏற்கும், ஆனால் இன்று இரவே போட்டுப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அம்மாவின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைத்து, சார்ஜில் போட்டு, மேசையிலேயே வையுங்கள். பிள்ளைக்கும் ஒரு முறை சொல்லிக் கொடுங்கள்: லைன் போனால் அழாதே, மேலேயிருந்து விரலை இழுத்து இந்தப் பெயரைத் தொடு. இரண்டு முறை செய்து பார்க்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகச் சொல்லுங்கள்.